பொத்துவில் வீதிக்கு எந்தக் கார்? ஆசிரிய நண்பர்களுக்குச் சில கசப்பான கணக்குகள்



இது யாரையும் புண்படுத்த எழுதும் பதிவல்ல. ஆனாலும் சிலருக்குச் சுடும். சுட்டால் நல்லது.

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்? சுபஹு தொழுத கையோடு புறப்பட்டு, திருக்கோவில், கோமாரி எல்லாம் தாண்டி, முதல் மணி அடிக்க முன்னர் கையொப்பமிட வேண்டும். ஒரு பக்கம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போய் வர 90. மாதத்துக்கு 20 பாடசாலை நாட்கள் என்றால் 1,800 கிலோமீட்டர். இந்த இலக்கத்தை மனதில் வையுங்கள். கார் வாங்கும் பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் நமது ஊரில் அது எங்கிருந்து தொடங்குகிறது? "அவர் வெசல் எடுத்திட்டாராம், நீங்க இன்னும் பைக்கிலயா சேர்?" என்ற கேள்வியிலிருந்து. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை ஆசிரியர் என்றதும் அடுத்த கேள்வி, "என்ன கார் வெச்சிருக்கார்?" அவர் என்ன பாடம் படிப்பிக்கிறார் என்று கேட்க ஆளில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நம்மில் பலர் கார் வாங்குகிறார்கள். பதில் கேட்டவர் போய்விடுவார். தவணை மட்டும் ஐந்து வருடம் வீட்டில் இருக்கும்.

முதலில் எரிபொருள். பெற்றோல் லீட்டர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். லீட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வாகனத்துக்கு மாதம் 150 லீட்டர், அதாவது 45,000 ரூபா. 18 ஓடும் வாகனத்துக்கு 100 லீட்டர், 30,000 ரூபா. மாதம் 15,000 ரூபா வித்தியாசம். ஒரு பிள்ளையின் வகுப்புக் காசு, உம்மாவின் மருந்துக் காசு எல்லாம் இதற்குள் அடங்கும். உயரமான வாகனத்தில் இருந்து ஊரைப் பார்க்க இவ்வளவு கொடுக்க வேண்டுமா?

இரண்டாவது லீசிங். 30 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 14 வீதத்தில், ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை கிட்டத்தட்ட 69,800 ரூபா. மொத்தம் கட்டுவது 42 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டு இலட்சம் எங்கே போனது? வட்டிக்கு. வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை படிவத்தில் ஒப்பம் வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இஜாரா என்ற பெயரில் வந்தாலும் மாதத் தவணையோடு நிற்காமல், "கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்?" என்று கேளுங்கள். அந்தத் தொகையை எழுதித் தரத் தயங்கும் இடத்திலிருந்து எழும்பி வாருங்கள்.

இனி, "ஹைபிரிட் எடுத்தால் எல்லாம் சரி" என்பவர்களுக்கு. ஹைபிரிட்டின் பெரிய இலாபம் நின்று நின்று ஓடும் நெரிசலில்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்கலத்தில் சேர்த்து, மீண்டும் கிளம்பும்போது பாவிக்கிறது. கொழும்பு மருதானையில் அது வேலை செய்யும். கோமாரிப் பக்கம் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த இலாபம் சுருங்கிவிடும். அக்குவா நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய அக்குவாவை வாங்குபவர் மின்கலத்தைப் பரிசோதித்து வாங்க வேண்டும். அதைக் குளிர்விக்கும் காற்று பின் ஆசனத்துப் பக்கத்திலிருந்துதான் போகிறது. அந்தத் துவாரத்தைத் தூசியும் பாடசாலைப் பையும் அடைத்தால் மின்கலம் சூடேறிக் கெடும். வெகன் ஆரில் "ஹைபிரிட்" என்று எழுதியிருப்பது வேறு சாதி. அங்கே ஒரு சிறு மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். நான்கு பெரியவர்களும் ஏசியும் சேர்ந்தால் 660 சீசீ எஞ்சின் மூச்சு வாங்கும்.

அதற்காக மலிவானதை மட்டும் பார்ப்பதும் சிக்கனமாகாது. 2014 இல் குளோபல் என்கெப் செய்த மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத இந்திய அல்டோ 800 பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. நமது பாதையில் விடியற்காலையில் மாடு படுத்திருக்கும், யானை குறுக்கே வரும். காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் ஆடம்பரமல்ல. பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கிறார்கள்.

சொகுசு என்றால் தொடுதிரையும் தோல் உறையும் என்று நினைக்கிறார்கள். தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டுபவருக்குச் சொகுசு என்பது இடுப்பைத் தாங்கும் ஆசனம், ஒழுங்காகக் குளிரும் ஏசி, குழியில் விழுந்தால் முதுகுக்கு ஏறாத சஸ்பென்சன். ஆகவே வாங்க முன்னர் கடற்கரை வீதியில் ஒரு சுற்று ஓடிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். கோமாரி வரை ஓட்டிப் பாருங்கள். இறங்கியதும் முதுகு சொல்லும்.

நமது கருத்து இதுதான். இந்தப் பாதைக்கு 1000 முதல் 1300 சீசீ வரையான, காற்றுப்பையுள்ள சாதாரண பெற்றோல் கார் போதும். விட்ஸ், அக்ஸியா போன்றவை. உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும், ஊர் கராஜில் கைவைக்கத் தெரிய வேண்டும். மீற்றரில் உள்ள கிலோமீட்டரை நம்பாமல் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை வானத்துக்கு ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தும் வரி காரணமாகப் புதியது நமக்கு எட்டவில்லை. அவசரப்பட்டு வாங்குபவரின் தலையில்தான் இந்த விலை கட்டப்படுகிறது.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய வீண்விரயம். ஒரே ஊரிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே பாடசாலைக்கு நான்கு கார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர்! 2022 இல் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர்தான். நமக்குக் கிழமைக்கு 450 கிலோமீட்டர் தேவை. லீட்டருக்கு 18 ஓடும் காரும் தனியாக 360 உடன் நின்றுவிடும். ஆனால் 12 மட்டுமே ஓடும் இரண்டு கார்கள் முறைவைத்து ஓடினால் 480 கிலோமீட்டர்! கார் சிறியதா பெரியதா என்பதைவிட, சேர்ந்து போகிறோமா என்பதே முக்கியம் என்று அந்த வருடம் நமக்குப் படிப்பித்தது. வரிசை முடிந்தது, பாடமும் மறந்தது.

மேலே சொன்ன 30,000 ரூபாவை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 7,500. கூலி வாங்க வேண்டாம், கிழமைக்கு ஒருவர் காரை எடுத்தால் போதும். ஆசிரியைகள் எத்தனையோ வருடமாக வேனில் சேர்ந்துதான் போய்வருகிறார்கள். அவர்களுக்கு ஏற்படாத கௌரவக் குறைவு நமக்கு மட்டும் எப்படி ஏற்படும்?

அடுத்த தவணை தொடங்க முன்னர், ஒவ்வொரு பாடசாலையிலும் யார் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறார் என்று ஒரு தாளில் எழுதுவோம். கார் வாங்க யோசிப்பவர்கள் முதலில் அந்தத் தாளைப் பார்க்கட்டும். பலருக்குக் கார் வாங்கும் தேவையே இருக்காது.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள், பேசுவோம்.