பெற்றோர் மனுதாரர் அல்லர்

விசேட தேவையுடைய குழந்தைகளின் பெற்றோரிடம், அக்குழந்தைகளைப் பழக்கும் விசேட கல்வி ஆசிரியரையும் பேச்சுச் சிகிச்சையாளரையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது நன்றி. அதன் பின்னரே குறை. அதுவும் அவர்களின் திறமை பற்றிய குறையன்று. தம் மொழியிற் பேசுவாரில்லை, தாம் சொல்வதைக் கேட்பாருமில்லை என்பதே அக்குறை.

மடவளையை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள முஸ்லிம் வீடுகளின் மொழி தமிழ். மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையோடு தாய் கண்டிக்கு பஸ் ஏறுகிறாள். சிகிச்சையாளர் சிங்களம் மட்டும் அறிந்தவராயின் நடப்பதென்ன? கைகாற் பயிற்சிக்குச் சைகை போதும். பேச்சுப் பயிற்சிக்கோ மொழியே மருந்தன்றோ! அரைமணி நேரப் பயிற்சியை வீட்டில் நாள்முழுதும் தொடரவேண்டிய தாய், வெறும் பார்வையாளராகி விடுகிறாள்.

இது சலுகை கேட்கும் விடயமன்று. 1987 இல் நிறைவேறிய 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காட்டிக் கல்வி நிறுவனம் எதிலும் அனுமதி மறுக்கலாகாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் இச்சட்டம் வாயிலைத் திறந்ததேயன்றி, உள்ளே எம்மொழியிற் பயிற்சி, அதிற் பெற்றோரின் குரல் யாது என்று விதிக்கவில்லை. கட்டாயக் கல்வியோ 5 வயதில்தான் தொடங்குகிறது. மூளை விரைந்து வளரும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்குக் காவல் யார்?

வழியில்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் ஆய்க்குடியில் 1981 இல் தோன்றிய அமர் சேவா சங்கம், கிராமப் பணியாளரைப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்பி, பெற்றோருக்கே பயிற்சி முறைகளைக் கற்பிக்கிறது. அமெரிக்காவின் 1986 ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குடும்பத்தோடு சேர்ந்தே எழுத்திலான திட்டம் வகுக்க வழிசெய்தது.

நாம் கேட்பனவும் இவைதாம். கண்டி மாவட்டத்திற்குத் தமிழறிந்த சிகிச்சையாளரையும் விசேட கல்வி ஆசிரியரையும் போதிய அளவில் நியமிக்கவேண்டும். குழந்தை பற்றிய அறிக்கை பெற்றோர் கையில் தமிழில் கிடைக்கவேண்டும். அவர்களைக் கலந்து பேசாமல் எத்திட்டமும் முடிவாகலாகாது.

கலையைக் கற்றவர் சிகிச்சையாளர். குழந்தையைக் கற்றவள் தாய். இருவர் அறிவும் ஒன்றுசேர்ந்தாலன்றிக் குழந்தைக்கு விமோசனமில்லை. இருவரையும் சேர்த்துவைப்பது அரசின் கடமை. பெற்றோரே, தனித்தனியே கெஞ்சி நிற்காதீர். ஒன்றுகூடி உரிமையோடு கேளுங்கள். வளரும் பிள்ளையின் வயது எந்த அரசுக்காகவும் காத்து நிற்பதில்லை.