அறுந்த இழையை ஒட்டுபவர் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாதர் சங்கத்துச் சகோதரிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "எங்க மாமியார் அம்பது வருஷமா வெத்திலையோட புகையிலை போடறாங்க. கல்லு மாதிரி இருக்காங்க. ஒரு பழக்கமும் இல்லாத எங்க அக்காவுக்கு 38 வயசுல மார்பிலே புற்றுநோய். இது என்ன நியாயம்மா?"

பதிலைச் சொல்ல அவள் ஊர் நூல் மில்லே போதும். எவ்வளவு நல்ல பஞ்சானாலும் ஓடுகிற நூல் இடையிடையே அறும். அதைப் பார்த்து ஒட்ட ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையா? நம் உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற மெல்லிய இரட்டை இழை. வெயில், புகையிலை போன்றவற்றாலும், உடம்பின் அன்றாட இயக்கத்தாலும் அதில் தினமும் ஆயிரக்கணக்கான பழுதுகள். சரி செய்யும் புரதங்களும் உள்ளேயே இருக்கின்றன. இவை வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்த லிண்டால், மோட்ரிச், சன்ஜார் என்ற மூவருக்கு 2015ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டாமல் விட்ட பழுதுகள் சேர்ந்தால் செல் கட்டுப்பாடில்லாமல் பெருகும். அதுதான் புற்றுநோய்.

ஒட்டும் சக்தி எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்று இரண்டு ஜீன்கள், டி.என்.ஏ. அடியோடு அறுந்தால் ஒட்டுவதற்கு உதவுபவை. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதான பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு, 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைக்கும் ஆபத்து உண்டு. பயந்துவிடாதீர்கள்! மார்புப் புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் இப்படிப் பரம்பரையாக வருபவை.

மாமியாருக்கு அதிர்ஷ்டமும் துணை நின்றிருக்கலாம். அதைப் பார்த்து நீங்கள் புகையிலையைத் தொடாதீர்கள். ஒட்டுபவர் எத்தனை கெட்டிக்காரரானாலும், நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வார்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு, சித்தி வியாதியை வெளியே சொல்லாதே" என்று மூடிவிடுவோம். அந்த மௌனம் அந்தப் பெண்ணுக்கே கேடு. பழுதான ஜீன் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய் வழியில் மட்டுமல்ல, தகப்பன் வழியிலும் வரும். ஆகவே அத்தை, அப்பாவைப் பெற்ற பாட்டி, எல்லோரைப் பற்றியும் கேளுங்கள். 50 வயதுக்குள் மார்புப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆண்களுக்கு மார்புப் புற்றுநோய் - இவற்றில் ஒன்று இருந்தாலும் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜீன் பரிசோதனையை நோய் வந்தவருக்கு முதலில் செய்வதே நல்லது. பழுது இருப்பது தெரிந்தால், மற்றவர்களை இளம் வயதிலிருந்தே கவனிக்கலாம், தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

பெண்ணுக்குச் சீராக நகை சேர்க்கிறோம். குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, அதையும் அவளிடம் கொடுங்கள், சகோதரிகளே.