ஏ.சி.க்கும் வியர்க்கும்

ஃப்ளாட்டில் குடியிருப்பவர்களுக்கு நிரந்தர எதிரி ஒருவர் உண்டு. மேல் வீட்டுக்காரர். நம் சீலிங்கில் சொட்டு விழுந்தால் அது அவர் வீட்டு பாத்ரூம்தான். விசாரணையே கிடையாது, நேரடியாகத் தீர்ப்பு. சென்னைப் பக்கம் இந்தத் தீர்ப்புகளில் சில அநியாயம் என்று சொல்லத்தான் இந்த வாரம்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், நான் பி.காம். எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாதா?

ஐஸ் வாட்டர் டம்ளரை டேபிளில் வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாய் வியர்க்கிறதே, டம்ளர் ஓட்டை என்றா சண்டை போடுகிறோம்? காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த இடத்தைக் கண்டதும் தண்ணீராகிறது. அவ்வளவுதான். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று ஒரு சாயங்காலம் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளும் வியர்க்கும். ஏ.சி.யின் காப்பர் பைப்போ 10 டிகிரியை ஒட்டி ஓடுகிறது. கேட்க வேண்டுமா! டெல்லியில் மே மாதம் 42 டிகிரி கொளுத்தினாலும் அது வறட்டுக் காற்று, பைப் சமர்த்தாக இருக்கும். ஜூலையில் மழை வந்த பிறகுதான் அங்கே கச்சேரி. நமக்குக் கடற்கரைப் புண்ணியத்தில் வருஷத்தில் பாதிக்கு மேல் கச்சேரி.

(ஏ.சி. பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான் சார். 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரத்தில் காகிதம் உப்பி, கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்க 25 வயது வில்லிஸ் கேரியர் போட்டுக் கொடுத்த டிசைன்தான் மூலவர்.)

பைப்புக்குக் கறுப்பு ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு சட்டை போடுகிறார்களே, நைட்ரைல் ரப்பர், அது எதற்கு? "குளிர்ச்சி வீணாகாம இருக்க" என்பீர்கள். அது பாதிதான். நம் ஊரில் அதற்கு வாட்ச்மேன் உத்தியோகம். ஈரக்காற்று பைப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ச்மேன் ஓர் அங்குலம் கண் அசந்தால் போச்சு. உள்ளே புகுந்த ஈரம் தண்ணீராகி, சட்டைக்குள்ளேயே சரிவு பார்த்து நடந்து, நாலடி தள்ளி வேறெங்கோ சொட்டும். திருடன் ஒரு தெரு, போலீஸ் ஒரு தெரு.

மடிப்பாக்கத்தில் என் நண்பன் வீட்டில் இதுதான் நடந்தது. ஃபால்ஸ் சீலிங்கில் இலங்கை மேப் மாதிரி பழுப்புக் கறை. மேலே ரிடையரான மாமா ஒருவர். பிளம்பர் வந்து மாமாவின் பாத்ரூமில் ஆறு டைல்ஸை உடைத்தார், சிமென்ட் பூசினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். இலங்கை வளர்ந்து இந்தியா ஆயிற்று. மாமா பேச்சை நிறுத்தினார். அந்த நவராத்திரிக்குக் கீழ் வீட்டுக்கு சுண்டல் வரவில்லை. அடுத்த மே மாதம், "பெயின்ட் செலவை அட்வான்ஸ்ல கழிச்சுப்பேன்" என்று ஹவுஸ் ஓனர் ஆரம்பித்த பிறகுதான் பயலுக்கு மூளை வேலை செய்தது. ஏ.சி.யை இரண்டு நாள் அணைத்துப் பார்த்தான். புழுங்கிச் செத்தான். ஆனால் சொட்டு நின்றுவிட்டது! மாமா மேலே இரண்டு வேளையும் ஜோராகக் குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

சீலிங்கைத் திறந்தோம். தடித்த பைப்புக்கு மட்டும் சட்டை, ஒல்லிப் பைப் வெற்றுடம்போடு நிற்கிறது. நம் ஸ்பிளிட் ஏ.சி.க்களில் பெரும்பாலும் கேஸ் வெளி யூனிட்டிலேயே குளிர்ந்துவிடுவதால் இரண்டு பைப்பும் ஜில்லென்றுதான் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சட்டை வேண்டும். சீலிங்குக்குள் போகிற டிரெய்ன் பைப்புக்கும் வேண்டும், அதில் ஓடுவதும் பச்சைத் தண்ணீர்தானே.

ஆபீஸ்களில், இப்போது சில பெரிய வீடுகளிலும், தகர டக்ட்டில் குளிர்காற்று வருகிறது. அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு, பஞ்சுக்கு மேல் அலுமினியத் தாள். அந்தத் தாள் அழகுக்கு என்று நினைத்து, எலக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கும்போது கிழித்துவிட்டுப் போவார். ஈரத்தைத் தடுப்பதே அந்தத் தாள்தான். பஞ்சு ஒருமுறை நனைந்தால் இன்சுலேஷனே இல்லை. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். சொட்டுவது போக கரண்ட் பில்லும் ஏறும். டெபிட் இரண்டு பக்கமும்.

சட்டை 9, 13, 19 மில்லிமீட்டர் என்று கிடைக்கிறது. 9-ஐத்தான் முதலில் நீட்டுவார்கள். கடலோர ஊர் என்றால் 13-க்குக் குறைந்து வாங்காதீர்கள், சீலிங்குக்குள் 19 என்றால் நிம்மதி. மொட்டை மாடியில் வெயிலே அதைத் தின்றுவிடும், மேலே டேப் சுற்றியே ஆக வேண்டும். அந்த டேப்பையும் காக்கா விட்டுவைக்காது என்பது தனிக்கதை.

இன்னொன்று. புது ஏ.சி. மாட்டும்போது கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்ப்பதற்காக, பைப் சேருகிற இடத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள். டெஸ்ட் முடிந்ததும் மூடிவிட்டுப் போக வேண்டும். "அப்புறம் வர்றேன் சார்" என்று பையைத் தூக்குவார் மெக்கானிக். அந்த நேரம் பார்த்து ஒரு டீ நீட்டுங்கள், நல்ல சூடாக. குடித்து முடிக்கிறவரை ஆள் எங்கேயும் போக முடியாது.