தொடங்குவது மட்டும் போதாது



பள்ளிகளில் புதுத் திட்டங்கள் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி, பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனதும் ஓய்ந்துவிடுவது உண்டு. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளை நீக்கிய முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாடு அப்படி ஓயவில்லை. அதற்குக் காரணம், அவசரப்படாமல் நடந்ததுதான். 2014இல் 12 பள்ளிகளில் பாடவாரியான முயற்சி தொடங்கியது. 2018இல் அது விரிந்தது. 2020இல் 28 பள்ளிகள் முழு முறையைச் சோதித்தன. 2024இல் உயர்நிலை 1 மாணவர்களுக்கு நடப்புக்கு வந்தது.

உண்மையான உழைப்பு கால அட்டவணையில் இருக்கிறது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் கணிதத்துக்கு ஜி1, ஜி2, ஜி3 என்ற பாட நிலைகளுக்குப் பிரிந்துபோக வேண்டுமானால், பல வகுப்புகளுக்கும் கணிதப் பாடம் ஒரே நேரத்தில் வரவேண்டும். அதற்கேற்ப ஆசிரியர்களும் அறைகளும் வேண்டும். இந்தச் சிக்கலை ஓசையின்றி அவிழ்க்கும் ஆசிரியர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒன்று மட்டும் குறைகிறது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் சிலர், குறிப்பாகத் தாத்தா பாட்டிகள், ஜி2 என்றால் பழைய வழக்கநிலைதானே என்று இன்னமும் கவலைப்படுகிறார்கள். 2024இல் உயர்நிலை 1இல் இருந்த மாணவர்கள் 2027இல் புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வை எழுதவிருக்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு பள்ளியும் தன் தமிழாசிரியரைக் கொண்டு தமிழிலேயே ஒரு விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். கேள்வி கேட்க நேரம் தாராளமாக ஒதுக்கட்டும். நான் முதல் வரிசையில் உட்காரத் தயார்.

வாசகர்,
குவீன்ஸ்டவுன்