எங்களுக்கு ஏலம் என்றால் ஏலக்காய்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம், வெளியே பனி அதிகம். இன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தட்டச்சுகிறேன் என்றால் கோபம்தான் காரணம். சூடாக இருக்கும்போதே கொட்டிவிடுகிறேன், அப்புறம் ஆறினால் எழுத மாட்டேன்.

விஷயம் இதுதான். இங்கே எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி ஒன்று நடக்கிறது. பேர் வேண்டாம். பாவம், நடத்துகிறவர்கள் சொந்தக் காசைப் போட்டு, சொந்த ஞாயிற்றுக்கிழமையையும் போட்டு நடத்துகிறார்கள். அந்த மரியாதை எனக்கு உண்டு. போன மாதம் ஆண்டு விழா. பிள்ளைகளுக்குத் தலைப்பு கொடுத்து சார்ட் ஒட்டிப் பேசச் சொன்னார்கள். என் மகளுக்கு வந்த தலைப்பு: 'தமிழரின் முதல் பேரரசு ஏலம்'. ஈரான் வரைபடம், அங்கேயிருந்து மதுரைக்கு ஒரு சிவப்பு அம்பு, கீழே பெரிய எழுத்தில் ஏலம் = ஈழம் = தமிழம். வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிற சமாச்சாரத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

மகள் நன்றாகவே பேசினாள். கைதட்டல், போட்டோ எல்லாம் ஆச்சு. விழாவுக்கு அவள் கூடப் படிக்கிற ஒரு ஈரானியப் பெண்ணும் சாம்பார் சாதம் சாப்பிட வந்திருந்தாள். குடும்பம் குசெஸ்தான் மாகாணத்திலிருந்து வந்தது. ஏலத்தின் தலைநகரம் சூசா இருந்த அதே மாகாணம். அந்தப் பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள், "ஏல மொழியில் ராஜாவுக்கு என்ன வார்த்தை?" இவள் கொஞ்சமும் யோசிக்காமல் 'கோ' என்று சொல்லிவிட்டாள். ரெண்டு நாள் கழித்து அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில், "எங்கப்பாகிட்ட கேட்டேன், அது சுங்கி" என்றிருக்கிறாள். கேலியாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள் என் பெண். அப்புறம் சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு கேள்வி. "நீங்களும் அந்த சார்ட்டைப் பார்த்தீங்கல்லப்பா, ஏன் ஒண்ணும் சொல்லலை?"

பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். சுங்கிதான்.

பள்ளிக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பிள்ளைகளுக்குப் பெருமை வரட்டுமேன்னுதான் சார். நீங்க ஏன் எதிரி மாதிரி பேசறீங்க?" என்றார். அந்த 'எதிரி' என்ற வார்த்தைதான் இந்தப் பதிவு.

சரி, ஏலம் என்ன என்று பார்த்துவிடலாம். ஈரானின் தென்மேற்கு மூலை. சூசாவில் ஒரு களிமண் பலகை கிடைத்தது. அதில் அவான் என்ற இடத்து அரசர்கள் பன்னிரண்டு பேர், ஷிமாஷ்கி என்ற இடத்து அரசர்கள் பன்னிரண்டு பேர். வெறும் பெயர்கள். யார் யாருக்குப் பிள்ளை, யார் எத்தனை வருஷம் ஆண்டார்கள், ஒன்றும் கிடையாது. அவான் வரிசை ஏறக்குறைய கி.மு. 2400-லிருந்து 2100 வரை என்கிறார்கள். அதில் எட்டாமவன் லூஹி-இஷ்ஷான், அக்காட் அரசன் சார்கோனிடம் தோற்றவன். கடைசிப் பெயர் புசுர்-இன்ஷுஷினாக். இவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சிங்கம் செதுக்கிய கல், இரண்டு மொழியில் எழுதியது, பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷிமாஷ்கி வரிசையில் வரும் கிந்தத்து என்பவன்தான் கி.மு. 2004 வாக்கில் ஊர் நகரத்தை அழித்து, அதன் கடைசி அரசன் இப்பி-சினைப் பிடித்துக்கொண்டு போனவன். அதற்குப் பின்னால் சுக்கல்மா என்ற பட்டத்தோடு ஆண்டவர்கள். அவர்களில் பலர் தங்களை 'சில்ஹஹாவின் சகோதரி மகன்' என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்த சகோதரி மகன் விஷயம் வந்ததும் வாட்ஸப் துள்ளிக் குதிக்கிறது. "பார்த்தீர்களா, திருவிதாங்கூர் மருமக்கத்தாயம்!" ஐயா, கானாவில் அகான் மக்களுக்கும்தான் தாய்வழி உரிமை. அவர்களும் திருநெல்வேலிக்காரர்களா?

பெயர்ப் பொருத்தத்துக்கும் இதே கதி. ஏலம் என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இல்லை. பக்கத்து வீட்டு மெசபடோமியாக்காரன் சொன்னது ஏலம்து. அது பைபிள் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் தங்கள் நாட்டைச் சொன்னது ஹல்தம்தி. அடுத்தவன் கூப்பிட்ட பெயரை வைத்துக்கொண்டு நாம் உறவு கொண்டாடுகிறோம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் முழுக்க வாட்ஸப்பில் முளைத்ததில்லை. டேவிட் மெக்ஆல்பின் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1974-இல் ஒரு கட்டுரையும், 1981-இல் ஒரு புத்தகமும் எழுதினார், ஏல மொழியும் திராவிட மொழிகளும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று. ஒழுங்கான ஆராய்ச்சியாளர். ஆனால் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி மாதிரி திராவிட மொழியியலில் ஊறியவர்களே அதை ஏற்கவில்லை. மெக்ஆல்பின் சொன்னது சரி என்றே வைத்துக்கொண்டாலும், பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரிந்த ஒன்றுவிட்ட பங்காளி என்றுதான் ஆகும். பங்காளி வீட்டுப் பட்டாவை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

இப்போது என் வண்டவாளம்.

நான் திருவனந்தபுரம் சாலையில் வளர்ந்தவன். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகிற அந்தக் கடைத்தெருவில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு மசாலாச் சரக்குக் கடை. மிளகு, கிராம்பு, ஏலம். எங்களுக்கு ஏலம் என்றால் ஏலக்காய்தான், கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்போம் :-) அப்பா தெற்கத்தித் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றுவார். 'சாலை என்றால் ரோடு, அதான் சாலை' என்று அவர் சொன்னதை நாற்பது வயது வரை நம்பினேன். ராஜா கேசவதாசன் திவானாக இருந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கடைத்தெரு, அதற்கு முன்னால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நினைப்பு.

சாலைக்குப் பக்கத்தில் வலியசாலை. அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில். அந்த வழியாக நான் சைக்கிளில் போகாத நாள் கிடையாது. ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வருமே காந்தளூர்ச் சாலை, அங்கே 'கலமறுத்தான்' என்று? அந்தச் சாலை இங்கேதான் இருந்தது என்று திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் கோபிநாத ராவ் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். வேறு இடம் சொல்கிறவர்களும் உண்டு. கலம் என்றால் கப்பலா, சோற்றுக் கலமா, வழக்கா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே இதற்காக ஒரு தனிப் புத்தகம் எழுதினார். பொன்னியின் செல்வன் படித்துவிட்டு 'சேரன் கடற்படையை நொறுக்கினார்' என்று பேசுகிற பையன்களிடம் இதையெல்லாம் சொன்னால் முகம் சுருங்குகிறது.

காந்தளூர்ச் சாலை என்பது ஒரு கல்விச்சாலை. எப்படித் தெரியும்? ராஜராஜனுக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தைய ஒரு செப்பேடு சொல்கிறது. ஆய் வேளிர் குலத்துக் கருநந்தடக்கன் கி.பி. 866 வாக்கில் கொடுத்தது. தமிழ், வட்டெழுத்து. திருவிதாங்கூர் அரசின் ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்று பெயர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைச் சபையாரிடம் இருந்த உழக்குடிவிளை என்ற நிலத்தை, வேறு நிலம் மாற்றிக் கொடுத்து வாங்குகிறான் அரசன். கவனியுங்கள், அரசன் பிடுங்கவில்லை, பண்டமாற்றுச் செய்கிறான். அங்கே விஷ்ணு கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பேர் வைத்து, காந்தளூர் முறைப்படி ஒரு சாலை ஏற்படுத்துகிறான். அதாவது 866-லேயே காந்தளூர் மற்றவர்கள் பார்த்துக் காப்பியடிக்கிற அளவுக்குப் பெயர் பெற்ற இடம்.

புதுச் சாலையில் தொண்ணூற்றைந்து இடம். வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14. சேர வேண்டுமென்றால் இலக்கணம், மீமாம்சை, பௌரோகித்யம் தெரிந்திருக்க வேண்டும். மூவேந்தர் நாட்டு நடவடிக்கைக்கும் லாயக்காக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஐ.ஏ.எஸ். மாதிரி என்று வையுங்களேன். அப்புறம் விடுதி விதிகள். ஒருத்தனை ஒருத்தன் திட்டினால் அபராதம். கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் காலேஜ் ஹாஸ்டல் வார்டன் இதைப் படித்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

இப்போது சொல்லுங்கள், எது பேரரசு? இருபத்துநான்கு பெயர் மட்டும் இருக்கிற களிமண் பலகையா, பையன்கள் என்ன சண்டை போட்டார்கள் என்பது வரைக்கும் தெரிகிற செப்பேடா?

ஆய் குலம் நேற்று முளைத்ததும் இல்லை. பொதியில் மலை ஆய் அண்டிரன் புறநானூற்றில் இருக்கிறான், கடையெழு வள்ளல்களில் ஒருவன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி 'ஆயோய்' நாடு என்று குறித்துவைத்தார். விழிஞம் அவர்கள் கோட்டையும் துறைமுகமும். இன்று 2025-இல் பிரதமர் வந்து திறந்துவைத்த பெரிய துறைமுகம் அங்கேதான். பாண்டியன் ஒருபக்கம், சேரன் ஒருபக்கம், பிறகு சோழன் என்று மூன்று பேர் இடித்த இடிக்கு நடுவே நின்ற குலம். கருநந்தடக்கனுக்குப் பின் வந்த விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாசம் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்தது பாலியம் செப்பேட்டில் இருக்கிறது. அவனுடைய 28-வது ஆட்சியாண்டில் சிதறால் மலையில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி பொன் அணிகள் கொடுத்த கல்வெட்டும் இருக்கிறது. சிதறால் மலைக்கு எத்தனை தடவை பள்ளிக்கூட டூர் போயிருக்கிறோம்! புளியோதரை சாப்பிட்டோம், இறங்கிவிட்டோம்.

அப்படியானால் ஏன் ஒரு தமிழ்ப் பள்ளி சார்ட்டிலும் ஆய் வேளிர் இல்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயின. விழிஞமும் சாலையும் கேரளாவில் நின்றன. ஆய்க்குடி தென்காசிப் பக்கம், முஞ்சிறை குமரியில், காந்தளூர் திருவனந்தபுரத்தில். ஒரு குலத்தின் சொத்தைப் பாகம் பிரித்தபோது வரலாறு நடுமுற்றத்தில் அனாதையாகக் கிடந்தது. அங்கே செப்பேட்டின் தமிழை 'பழைய மலையாளம்' என்று சொல்ல ஆள் இருக்கிறது. இங்கே 'அது கேரளாக் கதை' என்று தள்ள ஆள் இருக்கிறது.

இன்னொரு காரணம், சொல்லக் கூசுகிற காரணம். இந்த வரலாறு நமக்கு வசதியாக இல்லை. தொண்ணூற்றைந்து இடமும் வேதம் படித்தவர்களுக்கே. கடை வைத்திருந்த எங்கப்பனுடைய முப்பாட்டனுக்கு அந்தச் சாலையில் இடம் இருந்திருக்காது, பாத்திரம் கழுவக்கூட விட்டிருப்பார்களோ என்னவோ. தமிழில் எழுதிய செப்பேடு, ஆனால் எல்லாத் தமிழனுக்குமான சாலை இல்லை. அதை இடித்ததாகப் பாடப்படுகிறவனும் தமிழ் அரசன். பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நாக்கு புரள வேண்டும். ஏலத்தில் அந்தத் தொல்லையே இல்லை. நாலாயிரம் வருஷம், நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி. அங்கே சாதியும் கிடையாது, சண்டை போட ஆளும் கிடையாது. ஆனால் குசெஸ்தான்காரர் மகள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

'பெருமை வரட்டுமே' என்கிற சாருக்கு: பெருமை வந்தால் சரி, எங்கள் வீட்டில் வந்தது அவமானம். அதைவிட மோசம், சரிபார்க்கிறவன் எதிரி என்று பிள்ளை கற்றுக்கொள்வது. நாளைக்கு இதே பிள்ளை கல்லூரியில் உண்மையான ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் பேசினால், 'போன தடவை ஏலம் என்றாயே' என்று ஒருத்தன் சிரிப்பான். அந்த வட்டியையும் சேர்த்து அவள்தான் கட்ட வேண்டும், நீங்களும் நானும் இல்லை.

சண்டை போட்டது வீண் போகவில்லை. பொங்கல் விழாவில் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு முன்னால் இல்லை, அப்புறம். கூட்டம் இருக்காது என்று தெரிந்தே கொடுத்ததுதான். மகள் புது சார்ட் போடுகிறாள். 45, 36, 14 என்று மூன்று கலரில் கட்டம் கட்டிக்கொண்டிருந்தவள் நேற்று நிமிர்ந்து, "உள்ள சேர்க்காத பசங்க எங்கப்பா படிச்சாங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். அதையும் சார்ட்டிலேயே எழுதிவிட்டாள், கேள்விக்குறியோடு.

உள்ளூர் மக்கள்ஸ், சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி. பாயசம் வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல் கொஞ்சம் உட்காருங்கள். அந்த ஈரானியக் குடும்பமும் வருகிறது.