அரிது என்பதும் இல்லை என்பதும்

நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். வகுப்பறையில் ஆண்டுதோறும் அவ்வுவமையை விளக்கியும் வருகிறோம். ஆயினும் இந்திய நிலத்தின் பொறுமை எங்கும் ஒரே அளவினதன்று.

இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து யூரேசியத் தட்டோடு மோதிக்கொண்டிருக்கிறது. ஆதலால் இமயத்தை ஒட்டியும் வடகிழக்கிலும் நடுக்கம் மிகுதி, தக்காணத்தில் அரிது. 1897இல் ஷில்லாங் பகுதியும், 1934இல் பீகார்-நேபாள எல்லையும், 1950இல் அசாமும் பேரதிர்ச்சிகளைக் கண்டன. இவற்றைப் படித்ததும் தெற்கே இருக்கும் நமக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியையே நாம் ஐயுற வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை எண்ணிப் பாருங்கள். நாட்டிலேயே இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் அன்றைய வரைபடம் அவ்வூரை வைத்திருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விடியுமுன் நிலம் அதிர்ந்தது. அளவு 6.2தான், இமயத்துப் பேரதிர்ச்சிகளோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் கனத்த கற்சுவர்களும் தடித்த மண்கூரைகளும் உறங்கியோர் மேல் சரிந்தன. இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர்.

அசாமிலோ, 1897க்குப் பின் மரச்சட்டமும் நாணல்தட்டியில் மண்பூச்சும் இலேசான தகரக்கூரையும் கொண்ட வீடுகள் பரவின. அடிக்கடி பெற்ற அடி, வீடு கட்டும் முறையையே மாற்றியது. கில்லாரிக்கு அப்படியொரு முன்னனுபவம் வாய்க்கவில்லை.

2002இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் முதல் மண்டலத்தையே நீக்கி, அதை இரண்டாம் மண்டலத்தோடு சேர்த்தது. இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்திற்கு ஏறியது. சென்னையின் நிலம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. அதைப் பற்றிய நம் அறிவுதான் மாறியது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அதை இன்று நினைப்போர் எத்தனை பேர்?

அடிக்கடி நடுங்கும் நிலம் தன் மக்களுக்குத் தானே பாடம் நடத்திவிடுகிறது. அரிதாக நடுங்கும் நிலத்தில் இரண்டு நடுக்கங்களுக்கு இடையே தலைமுறைகள் மாறிவிடுகின்றன. பாட்டன் கண்டதைப் பேரன் அறிவதில்லை. அங்கே அந்த நினைவைக் காக்க வேண்டியவை ஏடும் பள்ளியும் கட்டட விதியுமே. விதியை ஏட்டளவில் வைத்துவிட்டு, நம் ஊரில் அதெல்லாம் வராது என்று அடுக்கு மேல் அடுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கில்லாரியில் உறங்கச் சென்றவர்களும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.