முதுகுவலிக்கு அளவுகோல் உண்டு. தொழிலாளர் நலக் கணக்கில் இடமில்லை

புது தில்லி: பணியின்போது கட்டைவிரலை இழக்கும் தொழிலாளியின் வருவாய் ஈட்டும் திறன் 30 சதவீதம் குறைந்ததாக சட்டப்படியான இழப்பீட்டு அட்டவணை கணக்கிடுகிறது. ஆனால், தில்லி ஆசாத்பூர் மண்டியில் பல ஆண்டுகள் மூட்டை சுமந்து இடுப்பு பலவீனமடைந்தவருக்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

இது சிலரின் பிரச்னை மட்டுமன்று. தசை, எலும்பு, மூட்டு பாதிப்புகளுடன் உலகில் சுமார் 171 கோடி பேர் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடி பேருக்கு இடுப்புவலி இருந்தது. 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

எப்படி அளப்பது?

எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்மானமும், ஒருவர் அன்றாடம் படும் சிரமமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எனவே, எந்தெந்தச் செயல்களை வலி தடுக்கிறது என்று நோயாளியிடமே கேட்கும் முறை உருவானது. பிரிட்டனில் 1980-இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி குறியீடு, நடத்தல், பளு தூக்குதல், உறக்கம் உள்ளிட்ட 10 பிரிவுகளுக்குத் தலா 0 முதல் 5 வரை மதிப்பெண் அளித்து, மொத்தத்தைச் சதவீதமாக மாற்றுகிறது. 1987-இல் வெளியான நார்டிக் வினாநிரல், கடந்த 12 மாதங்களில் வலியால் வழக்கமான வேலை தடைபட்டதா என 9 உடற்பகுதிகள் குறித்துக் கேட்கிறது.

ஆஸ்வெஸ்ட்ரி குறியீடு, நாற்காலியில் எவ்வளவு நேரம் அமர முடியும் என்று கேட்கிறது. தரையில் குந்தி வேலை செய்பவரின் சிரமம் அதில் முழுமையாகப் பதிவாகாது.

இந்தக் குறையைப் போக்கும் கேள்விகள் இந்தியாவிலேயே உள்ளன. மாற்றுத்திறனை மதிப்பிட மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகள், குந்துதல், சம்மணமிடுதல், படியேறுதல், கையால் உண்ணுதல், வேட்டி கட்டுதல் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டன. ஆயினும், அவை மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கானவை. பெரும்பாலான அரசுச் சலுகைகளுக்கு 40 சதவீத பாதிப்பு தேவை. வலியோடு தினமும் வேலைக்குச் செல்பவர் அந்த வரம்புக்குள் வருவது அரிது.

பட்டியலில் விடுபட்டவை

சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு பாதிப்புகளுக்குத் தனிப் பிரிவே ஒதுக்கியது. இந்தியாவில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 29 தொழில்சார் நோய்களில் சிலிகோசிஸும் இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பும் உள்ளன, முதுகுவலி இல்லை.

கடந்த 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனைக்கு வழிசெய்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுடன், குந்த முடிகிறதா, சுமை தூக்க முடிகிறதா, வலியால் எத்தனை நாள் கூலி போனது என்ற கேள்விகளையும் அதில் சேர்க்க பெருஞ்செலவு ஆகாது. நிலையான முதலாளி இல்லாத சுமைத் தொழிலாளர்களை அப்பரிசோதனை எவ்வாறு சென்றடையும் என்பதே அடுத்த கேள்வி.